பெரிய சனிக்கிழமைப் பாகு

தவசு காலம் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் ஒருவரும் இனிப்பைத் தொடுவதில்லை. ஊரில் சிலர் கறிமீனை விடுவார்கள், சிலர் வெற்றிலையை விடுவார்கள், வாயை விடவேண்டியவர்கள் மட்டும் அதை விடமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வாய்த்தது இனிப்பு. காப்பியில்கூடச் சீனி கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு, இதற்குப் பேசாமல் வேப்பெண்ணெயைக் குடித்துவிட்டுப் போகலாம் என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஈஸ்டர் காலையில் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கடலை உருண்டை எங்கள் வீட்டில்தான் ஆகும். பஸ் ஏறினால் கோவில்பட்டி, தெருவுக்குத் தெரு கடலை மிட்டாய், அதை வாங்கிக் கொடுத்தால் ஆகாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆகாது. அது சதுரமாக இருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஈஸ்டருக்கு முட்டை வேண்டும். கடலையைப் பாகில் போட்டுக் கிளறி, ஆறுவதற்குள் கையில் அள்ளி, கோழிமுட்டை வடிவத்துக்குப் பிடித்து, கலர்க் கண்ணாடித்தாளில் சுற்றி இரண்டு பக்கமும் முறுக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானம் அடுப்பைப் பற்றவைத்தால் சாயங்காலத்துக்குள் உள்ளங்கை வெந்துவிடும். அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு பிடித்தாலும் வேகத்தான் செய்யும்.

சிக்கல் ருசி பார்ப்பதில் இருந்தது. அன்றைக்கு ராத்திரி பாஸ்காப் பூசை முடிகிறவரை எங்களுக்கு விரதம். பாகு காய்ச்சுகிறவள் அதை நாக்கில் வைக்கக் கூடாது. பதத்தைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளலாம், விரல் சொல்லிவிடும். ருசியை விரலா சொல்லும்? நான் பொறுப்பெடுத்துச் செய்த முதல் வருஷம் வந்து சேர்ந்தது உப்பு வெல்லம். பார்வைக்கு அப்படி ஒரு நிறம், தங்கம் தோற்றுப் போகும். ஒருவரும் நாக்கில் வைக்கவில்லை. ஈஸ்டர் காலையில் வரிசையில் நின்று வாங்கிய பிள்ளைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் தூ, தூ என்று துப்பின. பூசை வைத்த சாமியும் ஒன்றை வாயில் போட்டுவிட்டார் பாவம். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே எல்லாருக்கும் ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னார். எனக்கு மானம் போயிற்று.

அன்றைக்குக் கோவில் காம்பவுண்டுக்கு வெளியே நின்று விழுந்து விழுந்து சிரித்தவள் எங்கள் எதிர்வீட்டுக்காரி. ஆடு மேய்க்கிற குடும்பம் அவர்களுடையது. இப்போது கொஞ்சம் மக்காச்சோளமும் போடுகிறார்கள், ஆனாலும் காலையில் பட்டியைத் திறந்துவிட்டுத்தான் மற்ற வேலை. அவர்களுக்குக் குலசாமி வேறு, கும்பிடு வேறு, தவசும் கிடையாது.

"ஏக்கா, எனக்கு ஒரு நேர்ச்சையும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. அடுத்த வருசம் எங்கிட்டக் கொண்டா. நான் தின்னு சொல்லுதேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னது அப்படியே வழக்கமாகிவிட்டது. பெரிய சனிக்கிழமை வெல்லம் கரைந்து கொதி வந்ததும் ஒரு கரண்டியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடுவேன். அவளும் அதற்காக வாயைக் கொப்பளித்துவிட்டுக் காத்திருப்பாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ வழக்கு விசாரிக்கிறவள் கணக்காக யோசிப்பாள். "சுக்கு காணாது" என்பாள். "இதுல தெரியலக்கா, இன்னொரு சொட்டு கொடு" என்பாள். கடைசியில் கிண்ணத்தை வழித்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "போ, நல்லாருக்கு" என்பாள். அவள் போ என்று சொன்னபிறகுதான் பாகில் கடலை விழும். கடலை விழுந்தபிறகு ஒன்றையும் திருத்த முடியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் நாக்கு தப்பியதில்லை.

போன வருஷம் என் நேர்ச்சை கொஞ்சம் கனமானது. கோயம்புத்தூரில் மகள் மாசமாக இருந்தாள். அதற்கு முந்தி ஒன்று தங்காமல் போயிருந்தது. தவசு தொடங்குகிற விபூதிப் புதனன்று கோவிலில் மண்டியிட்டு, பாஸ்காப் பூசை முடிகிறவரை ஒரு துளி இனிப்பு என் நாக்கில் படாது, இந்தப் பிள்ளையை மட்டும் காப்பாற்றிக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதை முதலில் சொன்னது எதிர்வீட்டுக்காரியிடம்தான். அவளும் தன் பங்குக்கு ஏதோ அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

என் வீட்டுக்காரருக்கு வாய்தான் வினை. மனுஷன் கையால் ஒரு எறும்பை நசுக்க மாட்டார், வாயால் ஊரையே கொளுத்துவார். எட்டயபுரம் ரோட்டோரம் எங்களுக்கு இருக்கிற பிஞ்சை நிலத்தில் போர்வெல் பக்கமாக எலுமிச்சங்கன்று வைத்திருந்தார். வெள்ளாமை எடுத்தபிறகு கரிசல்காடு முழுக்க ஆடு மேயும். யாரும் யாரையும் தடுப்பதில்லை, அது எங்கள் பக்கத்து முறை. ஆட்டுக்குச் சோளத்தட்டை எது, எலுமிச்சங்கன்று எது என்று யார் சொல்லிக் கொடுப்பது? நாலு கன்றைக் கடித்துவிட்டன. இவர் நேரே டீக்கடைக்குப் போய், அத்தனை பேர் முன்னால், "இனி ஒரு ஆடு என் கன்னுல வாய வச்சுச்சுன்னா மருந்து வச்சிருவேன்" என்று கத்திவிட்டு வந்தார்.

எதிர்வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அண்ணாச்சி மருந்து வைக்கப் போறாவளாம்க்கா. மொதல்ல தலைவலிக்கு மருந்து எங்கன இருக்குன்னு தெரியுமா அவியளுக்கு?" என்றாள்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்து ஞாயிறு. அதற்கு முந்தின வாரம் அவர்களுடைய ஆடு மூன்று எங்கள் போர்வெல் பக்கத்தில் செத்துக் கிடந்தன. வயிறு உப்பி, வாயெல்லாம் நுரை. அதில் ஒன்று அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கருப்பு ஆடு. சினை வேறு. அதைத் தன் மடியில் தலையைப் போட்டுக்கொண்டு அவள் அழுத அழுகை எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் ஓடினேன். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஏதோ விஷம்தான், என்னவென்று சொல்லக் குடலைச் சோதிக்க அனுப்ப வேண்டும், முடிவு வர நாளாகும் என்றார். ஊருக்கு அந்த முடிவெல்லாம் தேவைப்படவில்லை. டீக்கடையில் கேட்டதே போதுமாக இருந்தது. அவள் வீட்டுக்காரர் ரொம்ப அமைதியான ஆள். ஒரு சத்தம் போடவில்லை. தெருவில் நின்று என் வீட்டுக்காரரிடம், "ஒங்களுக்குப் பண்டிகை வருது அண்ணாச்சி. முடியட்டும். திங்கக்கிழமை நான் ஸ்டேசனுக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

என் வீட்டுக்காரரோ அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஊர்வாய்க்கெல்லாம் பதில் சொல்கிற மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். "நீங்க ஒண்ணும் பண்ணலல்லா?" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. நான் கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? மாட்டுக்கொட்டகைப் பரணில் பூச்சிமருந்து டப்பா எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்க ஏணிவரைக்கும் போனேன், ஏறாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஊமைகள் மாதிரி நடமாடினோம். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் அவர் கடைசி ஆளாகப் பின்னால் நின்றார். வழக்கமாக முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுக்கிறவர்.

பெரிய சனிக்கிழமை வந்தது. கடலையை வறுத்துத் தோலை ஊதி வைத்துவிட்டேன். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, இரும்புச் சட்டியில் ஊற்றியாயிற்று. கொதிக்கக் கொதிக்க என் கை கால் ஓடவில்லை. ருசி பார்க்க யாரிடம் போவது?

ஆள் இல்லாமல் இல்லை. தெருவில் தவசு இல்லாத வீடு எத்தனையோ இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷம் எதிர்வீட்டுக்கு ஓடினவள் அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போனால் அதற்கு என்ன அர்த்தம்? எங்கள் வீட்டில் குற்றம் இருக்கிறது என்று நானே தெருவில் நின்று கத்தினதாக ஆகிவிடும். போகாமலே கடலையைக் கொட்டிவிட்டாலும் அதேதான். அவளிடமே போகலாம் என்றால், செத்த ஆட்டை மண்ணில் போட்டு இன்னும் ஈரம் காயவில்லை, என் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய் வாயில் வை என்று எந்த முகத்தோடு நீட்டுவது? நாசமாய்ப் போன வாய், டீக்கடையில் திறக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கிண்ணத்தை எடுத்தேன். ஒரு கரண்டி பாகை ஊற்றினேன். அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அங்கனயா போற?"

"வேற எங்க போக?"

"வேண்டாம்ட்டி. வேற யாருட்டயாவது குடுத்துக் கேளு."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஏன் வேண்டாம் என்று சொல்கிறார்? நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டியை அவர் கையில் திணித்து, "அடுப்பக் கொறச்சிருக்கேன். அடிபிடிக்காமக் கிண்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

தெரு அகலம் என்ன பெரிய அகலம், எட்டி வைத்தால் எதிர்வீடு. அன்றைக்கு நடக்க நடக்கத் தீரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கிண்ணம் சுட்டது, முந்தானையால் பிடித்துக்கொண்டேன். அவள் முற்றத்தில் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை வாங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"பாகு கொண்டாந்திருக்கேன்."

"பாத்தாத் தெரியுது."

"ருசி பாத்துச் சொல்லுதியா?"

அவள் தேங்காய்நாரைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். ஆனால் கிண்ணத்துக்குக் கையை நீட்டவில்லை.

"ஒங்க பிஞ்சைல வாய வச்ச மூணும் செத்துப் போச்சு. இப்பம் நானும் வாய வைக்கணுமாக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. "என்னட்டி இப்பிடிக் கேக்க? நான் ஒனக்கு வெசம் கொண்டாருவனா?"

"எனக்கு என்ன தெரியும்? ஆட்டுக்கும் தெரியாமத்தான தின்னுச்சு."

"சரி, வேண்டாம்னா போ" என்று கோபத்தில் திரும்பினேன். என் குணம் அப்படி, அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிடும். நாலு எட்டு வைத்திருப்பேன்.

"நில்லுங்க" என்றாள். "நான் திங்கேன். நீங்க மொதல்ல தின்னுங்க."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"நான் நேர்ச்சைல இருக்கேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"யாருக்குன்னு தெரியாதா?"

"தெரியும். எனக்குத் தெரியாம என்ன?" அவள் குரல் உடைந்தது. "அந்தக் கருப்பும் சென தான்க்கா."

என் மகளையும் ஒன் ஆட்டையும் ஒண்ணாச் சொல்லுதியா என்று வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கினேன். அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் பழிவாங்குகிற எண்ணம் ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒன்று தெரியவேண்டும், அவ்வளவுதான். எனக்கு எது பெரிசோ அதை நடுவில் வைத்துத்தான் அதை என்னிடம் கேட்க முடியும் என்று நினைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பயம் மட்டும் மிச்சமாக நின்றது. இன்னும் ஒரு ராத்திரிகூட இல்லை, பாஸ்காப் பூசைக்கு மணி அடித்துவிடும். நாற்பது நாள் காத்ததை இந்த முற்றத்தில் உடைத்துவிட்டு, நாளைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஏதாவது போன் வந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? பேத்தி ஆடி மாசத்தில் நல்லபடியாகப் பிறந்தாள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றவளுக்கு அது தெரியாதே.

ஆண்டவரே, என்னைத் தண்டி, பிள்ளையை விட்டுவிடு என்று மனசுக்குள் சொன்னேன். விரலைப் பாகில் விட்டு வாயில் வைத்தேன்.

நாற்பது நாளுக்குப் பிறகு நாக்கில் பட்ட இனிப்பு. ருசிக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இனிப்பா உப்பா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இன்னொரு தடவை விரலை விட்டு எடுத்து, அவள் பார்க்க நக்கி விழுங்கினேன். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வெட்கம் மானம் எல்லாம் விட்டு அப்படியே நின்றேன்.

அவள் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். வழக்கம்போலக் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு சப்பினாள்.

"சுக்கு தூக்கலா இருக்கு" என்றாள். "வெல்லம் நல்ல வெல்லம். இன்னும் ஒரு கை வெல்லம் போட்டாச் சரியாப் போவும்."

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கேட்டாள்.

"நீ வைக்கல. அது எனக்கு முந்தியே தெரியும். அவிய வச்சாவளா இல்லையான்னு ஒனக்குத் தெரியுமா?"

நான் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். அவள் பதிலுக்கு நின்றாள்.

"நீ அவியட்டக் கேக்கல, என்ன?" என்றாள். "நானா இருந்தா மொத நாளே கேட்டிருப்பேன்."

வீட்டுக்கு வந்தேன். அடுப்பு அணைந்து கிடந்தது. அடிபிடித்துவிடும் என்று பயந்து அவரே அணைத்துவிட்டுக் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறார். கிண்டக் கிண்ட இறுகி, கரண்டி சட்டியின் நடுவில் நட்டுக்கொண்டு நின்றது. வேர்த்து விறுவிறுத்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வேறு சமயமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

"எம் முகத்தப் பாருங்க" என்றேன். "நான் நேர்ச்சைய முறிச்சுட்டு வாரேன். அவ திங்கச் சொன்னா, தின்னேன். எம் மகளுக்குன்னு வச்ச நேர்ச்சை. இப்பம் ஒரு கேள்வி கேக்கேன், சொல்லுங்க. ஆட்டுக்கு நீங்க மருந்து வச்சேளா?"

அவர் கரண்டியை விட்டார்.

"வைக்கல" என்றார். துண்டை எடுத்துக் கையில் ஒட்டிய பாகைத் துடைத்தார். பிறகு, "ஆனா என்னாலதான் செத்துச்சு" என்றார்.

கன்றுக்கு ஊற்றுவதற்காகப் பாதியாக அறுத்த நீல டிரம்மில் யூரியாவைக் கரைத்து வைத்திருக்கிறார். பாதி ஊற்றிக்கொண்டிருக்கும்போது யாரோ போன் போட்டுக் கூப்பிட, மூடாமல் போட்டபடியே போட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கு வண்டியை எடுத்திருக்கிறார். பங்குனி வெயிலில் காடெல்லாம் மேய்ந்துவிட்டு வந்த ஆட்டுக்குத் தண்ணீரைக் கண்டால் போதாதா? திரும்பி வந்து பார்க்கும்போது மூன்று ஆடும் விழுந்து கிடந்திருக்கின்றன, டிரம் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. மிச்சத்தைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவராக வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"அப்பவே போய்ச் சொல்ல வேண்டியதுதான?"

"எவன் நம்புவான்? மருந்து வைப்பேன்னு அத்தன பேருக்கு முன்னால கத்திருக்கேன். தெரியாம மூடாமப் போட்டுட்டேன்னு சொன்னா, வேணும்னுதான் தொறந்து வச்சான்னு சொல்லமாட்டானா?"

"நான் நம்பிருப்பேன்" என்றேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் அந்தச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்திருப்பேன். அதே சமயம் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியதையும் மறைக்க முடியாது. வேண்டுமென்று செய்யவில்லை. என் வீட்டுக்காரர் விஷம் வைக்கிற ஆள் இல்லை. ஆனால் இத்தனை நாள் எதிர்வீட்டில் ஒருத்தி சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"போங்க" என்றேன். "இப்பமே போங்க. திங்கக்கிழமை ஸ்டேசன்ல போய்ச் சொல்லதுக்கு இன்னைக்கு அங்கன போய்ச் சொல்லுங்க."

பூசைக்கென்று தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டை கொடியில் தொங்கியது. அதை எடுக்கக்கூட இல்லை. பனியனோடு, தோளில் துண்டோடு போனார். வாசலில் செருப்பைத் தேடி இரண்டு தடவை தடுமாறினார்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். பிள்ளைகள் நாளைக்கு வரிசையில் வந்து நிற்குமே, என்ன செய்ய? இறுகின பாகில் தண்ணீர் தெளித்து, அவள் சொன்னபடி இன்னும் ஒரு கை வெல்லத்தைப் போட்டுத் திரும்ப உருக்கினேன். காது முழுக்கத் தெருவில் இருந்தது. முதலில் இவர் குரல், தணிந்து, ஒன்றும் புரியவில்லை. பாகைத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்தேன், உருண்டது. கடலையைக் கொட்டினேன். கொட்டிய அந்த நேரம் அவள் சத்தம் கேட்டது.

"ஆடு செத்ததுக்கு ஒரு நா அழுதேன் அண்ணாச்சி. அது போச்சு. ஒங்க வீட்டுப் பொம்பளைய நெனச்சு எத்தன நா அழுதேன் தெரியுமா? பத்து வீட்டுக்குக் கேக்க மருந்து வைப்பேன்னு சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு, இத எங்கிட்ட வந்து சொல்லத் தெரியலையா?"

அவள் வீட்டுக்காரர் ஏதோ சொன்னார். கதவு ஒன்று படீரென்று சாத்திக்கொண்டது. நான் பாகை அள்ளிப் பிடிக்க ஆரம்பித்தேன். அரிசிமாவைத் தொட மறந்துபோய்விட்டது. முதல் முட்டையைப் பிடித்தபோது உள்ளங்கை பொசுங்கியது. இரண்டாவது, மூன்றாவது. சட்டியில் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். கை எரிந்தது நல்லதாகப் போயிற்று, வேறு ஒன்றையும் நினைக்க விடவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் வந்தார். கையைக் கழுவிவிட்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்து, கண்ணாடித்தாளை எடுத்து உருண்டைகளைச் சுற்ற ஆரம்பித்தார்.

"அவ வீட்டுக்காரரு என்ன சொன்னாரு?"

"ஸ்டேசனுக்குப் போகலன்னாரு. ஆட்டுக்கு ஆடு தாரேன்னேன். வேண்டாம், இனி டிரம்ம மூடி வைங்கன்னாரு."

"அவ?"

"அவ உள்ள போயிட்டா."

அன்றைக்குப் பாஸ்காப் பூசையில் எல்லாரும் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கும்போது கைக்கொப்பளத்தால் எனக்கு வர்த்தியைப் பிடிக்க முடியவில்லை. அவர் இரண்டையும் பிடித்துக்கொண்டார். பூசைக்கு முன்னால் சாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் அவர் ரொம்ப நேரம் இருந்தார். நான் என் நேர்ச்சையை முறித்ததைச் சாமியிடம் சொன்னேன். சாமி யோசித்துவிட்டு, அது பாவமில்லை அம்மா என்றார். அவருக்கென்ன, சொல்லிவிடலாம். மகள் பெற்றுப் பிழைக்கிறவரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஈஸ்டர் காலையில் பிள்ளைகள் சிவப்பும் பச்சையுமாகத் தாளை உரித்துத் தின்றன. ஒருத்தனும் துப்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு தட்டு நிறைய முட்டை உருண்டைகளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். வழக்கமாகக் கொடுக்கிறதுதான். வாசல் படலுக்கு உள்ளே போகக் கால் வரவில்லை, வெளியிலேயே நின்றேன். அவள் ஆடுகளைப் பட்டியிலிருந்து பத்திக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். என் கைக்கொப்பளத்தையும் பார்த்தாள்.

ஒரு உருண்டையை எடுத்துத் தாளை உரித்து வாயில் போட்டாள். கடக்கென்று கடித்து, மென்று, முழுசையும் தின்று முடித்தாள்.

"நல்லாருக்கு" என்றாள். தட்டை வாங்கித் திண்டில் வைத்தாள். ஆடுகளைத் தெருவில் இறக்கிவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நாலைந்து எட்டுப் போய்த் திரும்பி நின்றாள்.

"அடுத்த வருசமும் கொண்டாக்கா. நான் பாத்துச் சொல்லுதேன்" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "ஆனா எம் முன்னால மொதல்ல நீ தின்னு. பொறவு நான் திங்கேன்."

அப்படியென்றால் இனி ஒரு வருஷமும் என் நேர்ச்சை பாஸ்காவரைக்கும் முழுசாக நிற்காது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"திங்கேன்" என்றேன்.